எட்டுக் கண்ணும் ஒரு முகமும்: விழுப்புரம், திண்டிவனம் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களின் வணிகப் பெருமக்களுக்கும், ஊரின் ஓரங்களில் வீடு கட்டிக் குடியேறிச் சங்கம் அமைத்திருக்கும் அன்பர்களுக்கும்,

நம் இரண்டு ஊர்களிலும் கண்காணிப்புக் கேமரா இல்லாத கடைவீதி இன்று இல்லை. விழுப்புரத்துக் காமராஜர் வீதியிலோ பாகர்ஷா வீதியிலோ, திண்டிவனத்து நேரு வீதியிலோ நின்று சற்றே அண்ணாந்து பார்ப்பவருக்கு, கடைப் பலகைகளின் மேலிருந்தும் மாடிக் கைப்பிடிச் சுவர்களின் விளிம்பிலிருந்தும் வெண்ணிறக் குழல்கள் இரண்டும் மூன்றுமாய் எட்டிப் பார்ப்பது தெரியவரும். இச்சாதனத்தைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு: எத்தனை கேமரா, எவ்வளவு ரூபாய். சற்று விவரம் அறிந்தவர் எத்தனை மெகாபிக்சல் என்று மூன்றாவது ஒன்றையும் கேட்டுவைப்பார். எந்த லென்ஸ் என்று கேட்பவரைக் காண்பதோ அரிது. முதலில் கேட்கத்தக்க கேள்வி அதுவே என்பதும், அதனைக் கேட்பதற்கும் முன்னால், எந்த இடத்தில் எத்தனை அடி தூரத்தில் நிற்கும் மனிதனுடைய முகம் நமக்கு வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் நிதானமாக யோசித்து முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். அதனை விஸ்தாரமாக எடுத்துரைக்கவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

கேமரா ஒன்று களவுக்குச் சாட்சி சொன்னதற்கு நம் அண்டையிலேயே ஓர் அரிய உதாரணம் உண்டு. ஆனால் அது கள்வனைப் பிடிப்பதற்கென்று வைத்த கேமரா அன்று. 1955-இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், அதற்கு மறு ஆண்டு முதலாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று, கற்சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்து, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேகரித்து வைத்தார்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் ஆலயத்து அர்த்தநாரீசுவரர் சிலையை 1974-இல் எடுத்த படமும் அச்சேகரிப்பில் ஒன்று. அந்தச் சிலை பின்னாளில் களவாடப்பட்டுக் கடல் கடந்து, 2004-இல் சிட்னி நகரத்தில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தாரால் விலைக்கு வாங்கப்பட்டபோது, இது விருத்தாசலத்துச் சிலையே என்று ஐயந்திரிபற நிறுவுவதற்கு அந்தப் பழைய படமே துணைநின்றது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமராயிருந்த டோனி அபாட், அதைப் போலவே களவுபோயிருந்த ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரையும் இந்த அர்த்தநாரீசுவரரையும் இந்தியாவிடம் நேரில் ஒப்படைத்தார்.

அந்தப் படத்துக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? படம் எடுத்தவர்கள் சிலையின் அருகே சென்றார்கள். அதற்கு நேர் எதிரே நின்றார்கள். ஒளியின் போக்கைக் கவனித்தார்கள். ஊரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டார்கள். குறித்ததைக் கெடாமல் காத்தும் வைத்தார்கள். ஒரே படத்தில் எல்லாம் அடங்கிவிட வேண்டுமென்று ஆசைப்பட்டு, கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று, பிராகாரம் முழுவதும் தெரியும்படி அவர்கள் எடுத்திருப்பார்களேயானால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படம் எந்த நாட்டாரை என்ன சொல்லி இணங்க வைத்திருக்கும்? நம் கடைவீதிக் கேமராக்களில் பெரும்பாலானவை கோபுரத்து உச்சியில் நிற்பவையே. திருட்டு நடந்த மறுநாள் காலையில் பதிவைப் போட்டுப் பார்க்கிறவர்கள், வீதி முழுவதையும், எதிர்க்கடைப் பலகையையும், உறங்குகிற நாயையும்கூடத் தெளிவாகக் காண்கிறார்கள். வந்தவன் மட்டும் கையும் காலும் உடைய ஒரு வெண்மையான திட்டாகத் தோன்றி, பூட்டருகே சிறிது நேரம் குனிந்திருந்து, பிறகு மறைந்துபோகிறான்.

இதற்குக் காரணம் கேமராவின் தரக்குறைவு அன்று, லென்ஸின் தேர்வு. கேமராப் பெட்டியின் மேல் 2.8, 3.6, 6, 12 என்று அச்சிட்டிருக்கும் எண், அதன் லென்ஸுடைய குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. எண் சிறியதானால் காட்சி அகன்று, பொருள் சிறுக்கும்; எண் பெரியதானால் காட்சி குறுகி, பொருள் பெருக்கும். நம் பக்கத்தில் மிகுதியாக விற்பனையாகும் 2 மெகாபிக்சல் கேமராவில் படம் விழுகிற சென்சார், 1/2.8 அங்குல வகை என்று சொல்லப்படுவது, ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அந்த அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் காட்சிக்குள் அடங்கும் என்பது கிடைத்துவிடும். பத்து மீட்டர் தூரத்தில் 3.6 லென்ஸ் 15 மீட்டர் அகலத்தைக் காட்டும். 6 லென்ஸ் 9 மீட்டரைக் காட்டும். 12 லென்ஸோ நாலரை மீட்டரோடு நிறுத்திக்கொள்ளும். 2.8 லென்ஸ் 19 மீட்டருக்கும் மேலே விரியும். அதனால்தான் அது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் அகலம் எவ்வளவு ஆனாலும், அதன்மேல் பரப்புவதற்குக் கேமராவிடம் இருக்கும் புள்ளிகள் குறுக்கே 1,920 மட்டுமே. ஒரே கரண்டி மாவைச் சிறிய கல்லில் வார்த்தால் ஊத்தப்பம், பெரிய கல்லில் இழுத்தால் மறுபுறம் தெரியும் காகிதத் தோசை. ஒரு மீட்டருக்கு எத்தனை புள்ளி விழுந்தால் என்ன பிரயோஜனம் என்பதைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2014-இல் வெளியிட்ட நியமம் ஒன்று வரையறுத்திருக்கிறது. 25 புள்ளி இருந்தால் யாரோ ஒருவர் நடமாடுவது தெரியும். 125 இருந்தால் முன்பே பழகியவரை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் அறியாத ஒருவனை ஐயமின்றி அடையாளம் காட்ட வேண்டுமானால் 250 வேண்டும். முகத்தின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு என்பதை நினைவிற்கொண்டால், 250 என்பது முகத்துக்குக் கிடைக்கும் நாற்பதே புள்ளிகள் என்பது விளங்கும். அது தாராளம் அன்று, வேறு வழியில்லாத குறைந்தபட்சம்.

இந்தக் கணக்கை முடித்துப் பார்த்தால் வரும் விடை பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கலாம். 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 லென்ஸ் அந்நியன் ஒருவனுடைய முகத்தை அடையாளம் காட்டவல்ல தூரம் 4 மீட்டர், அதாவது 13 அடி. 3.6 லென்ஸுக்கு அது 5 மீட்டர் அளவில் நிற்கும். 6 லென்ஸுக்கு எட்டரை மீட்டர். 12 லென்ஸுக்கு 17 மீட்டர். மனக்கணக்காக வைத்துக்கொள்ள விரும்புவோர், லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கி, வருவதில் சிறிது தள்ளிவிட்டால் மீட்டர் கணக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். 4 மெகாபிக்சலுக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். குறுக்குப் புள்ளிகள் 1,920-லிருந்து 2,560 ஆகும். 13 அடி 17 அடியாகும். கூடுதல் விலை கொடுத்து நாலடி வாங்குவதைவிட, அதே விலையில் தகுந்த லென்ஸைக் கேட்டு வாங்குவது விவேகம். பொருத்த வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் பெரும்பாலும் 2.8-உம் 3.6-உமே இருக்கின்றன, வாங்குபவர் வேறொன்றைக் கேட்பதே இல்லையாதலால் அவர்களும் கொண்டுவருவதில்லை. 6 வேண்டும், 12 வேண்டும் என்று சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். தூரத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாத இடத்துக்கு, 2.8 முதல் 12 வரை முறுக்கிச் சரிசெய்துகொள்ளும் வேரிஃபோக்கல் லென்ஸ் இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆயினும் ஏணியில் ஏறி நின்றபடியே காட்சியைக் குறுக்கியும் விரித்தும் பார்த்துத் தீர்மானிக்கும் சௌகரியம் அதில் உண்டு.

அகன்ற லென்ஸை நான் அறவே வெறுக்கிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பத்தடிக்கு இருபதடிக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலே, எட்டடி உயரத்தில், 2.8 லென்ஸைக் காட்டிலும் பொருத்தமானது வேறில்லை. வாங்கிய நோட்டும் கொடுத்த சில்லறையும், மேசைமேல் வைத்த கைப்பேசியும், அதை நோக்கி நீண்ட கையும் அதில் தப்பாது. கிடங்கின் மூலையிலும் அதுவே நல்லது. அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்களாதலால், யார் என்பதைவிட என்ன நடந்தது என்பதே கேள்வியாகிறது. வாயிற்படிக்கு வேண்டியது வேறு. கடைக்குள் வருகிறவர் எவராயினும் ஒரு முறை கடந்தே தீரவேண்டிய மூன்றடி நான்கடி அகலமுள்ள இடம் அது ஒன்றே. அந்த இடத்தை நோக்கி, கடையின் உட்புறத்திலிருந்து, இருபதடித் தூரத்தில் 6 லென்ஸ் ஒன்றை வைத்தால், வீதியில் உலாவும் ஆயிரம் பேரைப் பற்றிக் கவலைப்படாமல், உள்ளே வந்த ஒவ்வொருவருடைய முகத்தையும் அது வாங்கி வைத்துக்கொள்ளும். எட்டுக் கேமராவுக்கு விலைப்பட்டியல் வாங்கியிருக்கும் சங்கத்தார், அவற்றில் எத்தனை முகத்துக்கானவை என்று கேட்டுப் பார்க்கட்டும். ஒன்றுகூட இல்லாத பட்டியல்கள் உண்டு.

உள்ளிருந்து வாயிலை நோக்கும் கேமராவுக்கு ஒரு சோதனை உண்டு. வெளியே நம் ஊர் வெயில்; உள்ளே குழல்விளக்கின் மங்கல். வருகிறவர் வெளிச்சத்தை முதுகில் சுமந்துகொண்டு வருவதால், முகம் கரிக்கட்டையாகிவிடும். இதைச் சமாளிக்க டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி இருக்கிறது. ஒரே காட்சியை அதிக ஒளியிலும் குறைந்த ஒளியிலுமாக எடுத்து இணைப்பது அது. பெட்டியின்மேல் 120 டெசிபல் என்று போட்டிருந்தால் மெய்யானது. டிஜிட்டல் என்ற அடைமொழியோடு டி.டபிள்யூ.டி.ஆர். என்று மட்டும் இருந்தால், எடுத்த படத்தைப் பின்னர் வெளுக்கச் செய்யும் உபாயமே அன்றி வேறில்லை. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய கடைக்காரர்கள் காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்து நேரே உள்ளே பாயும் நேரத்தில் படத்தைப் பார்த்த பின்பே கேமராவின் இடத்தை உறுதிசெய்வது உசிதம்.

லென்ஸ் சரியாக அமைந்தும் கெட்டுப்போகும் இடம் உயரம். கைக்கு எட்டினால் உடைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் பதினைந்தடி, இருபதடி உயரத்தில் மாட்டிவிட்டு நிம்மதியடைகிறோம். நாலு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறவரைப் பார்க்கும்போது, பார்வை நாற்பது பாகை அளவுக்குச் சரிந்து இறங்குகிறது. தெரிவது வகிடும் வழுக்கையும், தலைக்கவசம் அணிந்தவராயின் அதன் உச்சியும்தான். ஒன்பதடி உயரத்தில், 2.7 மீட்டரில், நாலு மீட்டர் தள்ளி நிற்கிறவரை நோக்கினால் சரிவு பதினைந்து பாகை. நெற்றியும் கண்ணும் மூக்கும் தெரியும். இந்த உண்மையை நெடுநாள் முன்னமே உணர்ந்தவர் ஒரு பெண்மணி. நியூயார்க் நகரத்துக் குயின்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற செவிலியர், அழைத்த நேரத்துக்குப் போலீஸார் வந்து சேராத தம் குடியிருப்பில் தனித்திருக்க அஞ்சி, தம் கணவருடன் சேர்ந்து வீட்டுக் காவல் சாதனம் ஒன்றை வகுத்து, 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் கதவிலே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துளைகளை இட்டு, நெட்டையர், குட்டையர், குழந்தைகள் ஆகிய எவர் வந்து நின்றாலும் முகத்துக்கு நேராகக் கேமரா ஏறி இறங்கும்படி அமைத்திருந்தார். அறுபதாண்டு கழித்தும் அதைவிடச் சிறந்த இடத்தை எவரும் கண்டுபிடித்துவிடவில்லை. வீடுகளில் குடியிருப்போர், கூரையோரத்துக் கேமரா இரண்டைக் குறைத்துக்கொண்டு, வாயிலில் நாலரையடி உயரத்தில் வீடியோ அழைப்புமணி ஒன்றைப் பொருத்தினால், அது கூடுதல் ஊழியம் செய்யும்.

இரவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலை நம் இரண்டு ஊர்களையும் இணைத்துச் செல்வதால், அதையொட்டிய கடைகளின் கேமராக்கள் இரவு முழுவதும் பேருந்து, லாரிகளின் முகப்பு விளக்கை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. சாலையை நேருக்கு நேர் நோக்கும் கேமரா, ஒவ்வொரு வண்டி வரும்போதும் குருடாகி, அது போன பின் மெல்லக் கண் திறக்கும். ஆகவே சாலைக்குக் குறுக்காகவோ, வண்டிகள் செல்லும் திசையிலேயோ நோக்கும்படி திருப்பி வைப்பது நலம். வண்டியின் எண்பலகை வேண்டுமென்று கேட்பவர்களுக்கு, அது சாதாரணக் கேமராவின் வேலை அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். விரைந்து செல்லும் பலகையின் எழுத்து குழம்பாதிருக்க, ஒரு நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவாகவோ ஷட்டர் திறந்து மூட வேண்டும். அவ்வாறு செய்தால் சுற்றுப்புறம் முழுவதும் இருண்டுபோகும். ஒரே கேமராவிடம் முகமும் எண்ணும் வீதியும் கேட்டால் மூன்றும் கிடைப்பதில்லை.

தெருவிளக்கு எட்டாத புதிய நகர்களில் அகச்சிவப்பு ஒளியை நம்பியிருக்கிறோம். இருட்டியதும் கேமராவின் உள்ளே டிக்கென்று ஓர் ஒலி கேட்கும். பகலில் அகச்சிவப்பைத் தடுத்துவைத்திருந்த வடிகட்டி விலகிக்கொள்ளும் ஒலி அது. அதன் பிறகு படம் கறுப்பு வெள்ளை. சட்டையின் நிறம் சொல்ல இயலாது. லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். சிலந்தி லென்ஸின் குறுக்கே ஓர் இழை கட்டிவிட்டால், அந்த இழை ஒளியைத் திருப்பியடித்து, திரை முழுவதும் வெண்புகையாய்ப் பரவி, ஒரு நூல் ஒரு வீதியையே மறைத்துவிடும். வாரம் ஒரு முறை நீண்ட துடைப்பத்தால் தட்டிவிடுவதைத் தவிர இதற்குப் பரிகாரம் நான் அறியேன். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமானது என்பதை எஃப் என்ற எழுத்தோடு சேர்ந்த எண் சொல்லும். அது குறையக் குறைய ஒளி கூடும். எஃப் 2.0 லென்ஸைக் காட்டிலும் எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்வாங்குவதால், மங்கிய தெருவிளக்கிலும் நிறத்தோடு படம் தரும். அவ்வளவு செலவுக்கு மனமில்லாதவர் வாயிற்கதவின்மேல் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை விடிய விடிய எரியவிடலாம். திருடனுக்கும் அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கம்பி, இணைப்பு முதலிய விவகாரங்களை வேலைக்கு வருபவரிடமே விட்டுவிடுகிறேன். மழையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்து, நம் மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க முடியாது. கேமரா நீர் புகாததாயிருக்கலாம். அதன் வாலில் தொங்கும் இணைப்பு நீர் புகாததன்று. அந்த இணைப்பைச் சுவரில் ஒரு பெட்டிக்குள் அடக்கி, கம்பியைக் கீழிருந்து மேலாக உள்ளே விட வேண்டும். படங்களைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியைத் தரையிலோ மேசைக்கடியிலோ வைக்காமல் ஆளுயரத்துக்கு மேல், முன்னறையில் அன்றி வேறொரு பூட்டிய அறையில் வைக்க வேண்டும். கள்வர்கள் போகும்போது அதையும் எடுத்துச் செல்லும் வழக்கம் பெருகிவிட்டது.

இனிச் சாட்சியத்தைக் காப்பது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்குண்டு உயிரிழந்த ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தை மகன் விஷயத்தில், நேரில் சென்று விசாரித்த நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் கண்ட செய்தி நாடு முழுவதையும் திடுக்கிட வைத்தது. கேமராக்கள் இருந்தன, வன்தட்டில் ஒரு டெராபைட் அளவுக்குப் போதுமான இடமும் இருந்தது, ஆயினும் பதிவுகள் அன்றன்றைக்கே தாமாக அழிந்துவிடும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம், வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டுமென்றும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் காக்க வேண்டுமென்றும், அது இயலாவிடில் ஓராண்டுக்குக் குறையலாகாது என்றும் ஆணையிட்டது. நம் ஊரிலேயே, 2024 மக்களவைத் தேர்தல் முடிந்து வாக்கு இயந்திரங்கள் விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் காவலில் இருந்த நாட்களில், மே மாதத் தொடக்கத்தில் கண்காணிப்புத் திரைகள் சிறிது நேரம் இருண்டுபோனது செய்தியாயிற்று. துணைராணுவமும் போலீஸாரும் சூழ்ந்து நின்ற இடத்திலேயே அவ்வளவு பதற்றம் எழுந்ததென்றால், காட்சி அறுபடுவது நம்பிக்கையை எவ்வளவு விரைவில் அறுக்கிறது என்பது தெரிகிறது.

ஆகையால் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதை வாய்வார்த்தையாகக் கேட்காமல் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதும் கேமரா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிகாபைட் எழுதும். எட்டுக் கேமரா முப்பது நாள் எழுதினால் 5 டெராபைட்டுக்கு மேல் ஆகும். விலைப்பட்டியலில் 1 டெராபைட் என்றிருந்தால் ஆறாவது நாளிலேயே முதல் நாள் அழியத் தொடங்கிவிடும். பண்டிகைக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறவர், பூட்டு உடைந்த நாளின் பதிவு அழிந்து, தாம் வீட்டுக்குள் நுழையும் காட்சியை மட்டும் கண்டு மகிழலாம். டி.வி.ஆர். கடிகாரத்தையும் மாதம் ஒரு முறை ரயில்வே நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மின்தடை மிகுந்த ஊர்களில் அது பின்வாங்குவது சகஜம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, பதிவின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, சாதனத்துக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையொப்பமிட்ட சான்றிதழ் உடன் வர வேண்டும். சங்கத்தின் கேமராவுக்குப் பொறுப்பானவர் யார் என்பதைக் களவு நடக்குமுன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுவது நல்லது. களவு நடந்த பின் அந்தப் பொறுப்புக்கு முன்வருபவர் குறைவு.

கேமரா எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு எதைப் பார்க்கலாகாது என்பதும் லென்ஸைப் பொறுத்ததே. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எதிர்வீட்டுக் கொல்லையும், பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் இடமும் தெரியும்படி 2.8 லென்ஸை விரித்துவைத்துவிட்டு, பாதுகாப்பு என்று சொல்வது அயலாருக்குச் செய்யும் உபத்திரவம். குறுகிய லென்ஸ் இங்கேயும் உதவும். அதுவும் போதாதென்றால், காட்சியில் வேண்டாத பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மூடிவைக்கும் வசதி ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. நம் கேமராவைப் பிறர் கைப்பற்றிவிடாமல் காப்பதும் நம் பொறுப்பே. கடவுச்சொல்லை மாற்றாமல் தொழிற்சாலையில் வைத்ததையே வைத்திருப்பவர்களுடைய கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் கைப்பற்றி, மிராய் என்ற தீநிரல் 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கிற்று. 2025 ஏப்ரல் முதல் இந்தியச் சந்தைக்கு வரும் கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கடவுச்சொல்லை மாற்றும் வேலையை அரசாங்கம் செய்து தராது.

கடைசியாக, வேலையை ஒப்படைக்கும் முறை. பொருத்தியவர் பகல் பதினொரு மணிக்குத் திரையை ஒளிரவிட்டு, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது பாருங்கள் என்று காட்டும்போது தலையசைத்துவிடாதீர்கள். பாதிப் பணத்தை நிறுத்திவைத்து, அன்றிரவு பத்து மணிக்கு மேல், உங்கள் முகத்தை அறியாத எவரையேனும் திரையின் முன் அமர்த்திவிட்டு, உங்கள் மைத்துனரையோ கடைப் பையனையோ வாயிற்படி வழியாக இயல்பாய் நடந்து வரச் செய்யுங்கள். ஓடும் காட்சியை அன்று, பதிந்த காட்சியை எடுத்துப் பாருங்கள். பிறகு நாலைந்து பேரை நிறுத்தி, வந்தவர் இவர்களில் யார் என்று திரைமுன் இருந்தவரைக் கேளுங்கள். அவர் சரியாகச் சுட்டினால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம். தயங்கினால், லென்ஸை மாற்றச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்